இலகு நடை, மூன்று கிலோமீற்றர்

பிரிண்டர் மூன்றாம் தரமும் கடதாசியைக் கடித்துக்கொண்டு நின்றது. யசோதினி மூடியைத் திறந்து, கசங்கிய தாளை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து இழுத்தாள். இழுத்தால் கிழியும், விட்டால் வராது. புருசனை எரிக்கப் போகிற காலையில் ஒரு மனுசி படுகிற பாடா இது? கீழே வாசலில் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு மகள் கம்சிகா கத்தினாள்.

"அம்மா, ஒன்பதரைக்கு மண்டபத்தில நிக்கோணும்!"

"வாறன், வாறன். உன்ரை பிரிண்டருக்கு விசர் பிடிச்சிட்டுது."

"இந்த நேரத்தில என்ன பிரிண்ட் பண்ணுறீங்கள்?"

"அப்பாவைப் பற்றி நாலு வரி. பெரியப்பா வாசிக்கிறதுக்கு."

நாலாம் தரம் தாள் ஒழுங்காக வெளியே வந்தது. ஒரு பக்கம்தான். எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தாள். வாசிக்கப்போகிறவருக்கு எழுபத்திரண்டு வயது. கண் தெரியவில்லை என்று சாட்டுச் சொல்லி மனுசன் இடையில் நிறுத்திவிடக் கூடாது. தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் செருகிக் கைப்பைக்குள் மடியாமல் வைத்தாள். போன பத்தொன்பது நாளில் அவளுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

பத்தொன்பது நாளுக்கு முன்பு மெக்சிக்கோவில், மாயன்கள் கட்டிவிட்டுக் கைவிட்டுப்போன ஒரு பழைய நகரத்தின் நடுவே, ஒரு கல்லில் இருந்தபடியே சுபாஸ்கரன் செத்துப்போனார். வயது அறுபத்தொன்று. பார்சல் கிடங்கு ஒன்றில் கிழமைக்கு ஐந்து ஷிப்ட் செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சில் ஸ்ரென்ற் வைத்தது. ஊர் ஒன்றியத்தின் வருடாந்தச் சுற்றுலாவோடு போனவர். ஒன்றியத்துக்குத் தலைவர், சுற்றுலாவுக்குத் தலைவர், கலியாணவீடு செத்தவீடு எல்லாவற்றுக்கும் தலைவர், அவருடைய ஒரே அண்ணன் தில்லையம்பலம். ஊரில் நில அளவையாளராக இருந்த மனுசன். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் சனம் அவரைச் சேர்வேயர் என்றுதான் சொல்லும். அவர் கையைக் காட்டி இதுதான் வடக்கு என்றால் வெயில்கூட யோசித்துத்தான் விழ வேண்டும்.

சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தை அவரே எழுதினார். வரைபடத்தையும் அவரே கீறினார். 'மாயன் நகர உலா. இலகு நடை, மூன்று கிலோமீற்றர். நிழல் உண்டு. இளைப்பாற ஆசனங்கள் உண்டு. முதியோருக்கும் உகந்தது.' யசோதினிக்கு முழங்கால் சரியில்லை, அவள் போகவில்லை. ஆனால் வாய்விட்டுக் கேட்டாள்.

"அத்தான், இவருக்கு ஏலுமோ? நெஞ்சு வருத்தக்காரன். அங்க வெயிலும் அப்பிடி இப்பிடி இல்லையாம்."

"என்ரை கணக்கு எப்ப பிள்ளை பிழைச்சது?" என்று தில்லையம்பலம் சிரித்தார். "கிங்ஸ்பரி றோட்டில மரக்கறி வாங்கப் போய்வாற மாதிரித்தான். அவனை என்னோட விடு."

விட்டாள். குளிசைகளைக் காலை, மதியம், இரவு என்று பெட்டியில் பிரித்து வைத்து, தொப்பி வாங்கி, இருந்த நல்ல சப்பாத்துக்குப் புது நாடா கோத்து, தன் கையாலேயே அனுப்பிவைத்தாள்.

பிறகு தொலைபேசி வந்தது. "சட்டெண்டு போட்டான் பிள்ளை. என்ரை மடியிலதான் போனவன். நோகேல்லை." மடியில் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் முதல் கிழமையைக் கடந்தாள். அழ வந்த சனத்துக்கெல்லாம் அதையே சொன்னாள். அண்ணன்ரை மடியில தலை வச்சுப் போனவர், அந்தக் குடுப்பினை ஆருக்குக் கிடைக்கும் என்று சொன்னாள். தில்லையம்பலத்துக்குத் தன் வாயாலேயே நன்றியும் சொன்னாள். இப்போது அதை நினைக்கும்போதுதான் உடம்பு பற்றியெரிந்தது.

எட்டாம் நாள் கிளறிற்றா வந்தாள். மன்னார்க்காரி, யசோதினியோடு ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். யசோதினி போகாததால் காலியான இருக்கையில் சுற்றுலா போனவள். வந்தவள் கதிரையில் இருக்கவும் இல்லை, கோட்டைக் கழற்றவும் இல்லை.

"யசோ, நீ எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய், எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல் கிடக்கு. சுபா அண்ணை ஒருத்தற்றை மடியிலையும் போகேல்லை. தனியத்தான் போனவர்."

அழுதழுது சொன்னாள். வாசலில் அம்புக்குறி மாயன் கோயிலை இடமாகச் சுற்றும் வழியைத்தான் காட்டியிருக்கிறது. அந்தப் பக்கம்தான் நிழல், அந்தப் பக்கம்தான் ஆசனம். சேர்வேயர் கையை உயர்த்தி எல்லாரையும் மறித்தாராம். "கோயிலை ஆரும் இடமாச் சுத்துறதோ? இடமாச் சுத்துறது செத்தவீட்டில. ஆற்றை கோயிலெண்டாலும் கோயில் கோயில்தான். வலமா வாங்கோ" என்று அம்புக்குறிக்கு எதிர்வழியால் கூட்டிப் போனாராம். அந்த வழி முழுக்க வெட்டவெளியும் ஏற்றமும். அரைவாசியில் சுபாஸ்கரன் ஒரு கல்லில் இருந்துவிட்டார். நான் நிற்கிறேன் என்று கிளறிற்றா சொல்ல, "அவன் என்ன பச்சைப் பிள்ளையோ? இருந்து ஆறட்டும், சுத்திப்போட்டு வந்து கூட்டிக்கொண்டு போவம், நடவுங்கோ" என்று சேர்வேயர் துரத்தினாராம்.

"பேந்து?"

"பேந்து கோபுரத்தடியில ஆளுக்கொரு பக்கமாச் சிதறிட்டம். சேர்வேயர் கமெராவோட எங்கையோ முன்னுக்கு நிக்கிறாரெண்டு நினைச்சம். அங்கத்தைய வழிகாட்டிப் பெடியன் எங்களைக் குறுக்கால வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டுக்கு இருத்திட்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கதான் காவல்காரன் ஓடிவந்து சொன்னவன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தனாங்கள், யசோ."

யசோதினி அன்றைக்கு அழவில்லை. கிளறிற்றாவைக் கோபிக்கவுமில்லை. அடுத்த நாள் தொலைபேசியை எடுத்து, சுற்றுலா போன இருபத்திரண்டு பேருக்கும் தேன் ஒழுகும் குரலில் ஒரே செய்தியைச் சொன்னாள். "செத்தவீட்டில திரையில போட வேணும். அவர் நிக்கிற படம் நிக்காத படம் எல்லாத்தையும் அனுப்புங்கோ." பாவம், சனம் நூற்றுக்கணக்கில் அனுப்பியது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் நேரம் இருந்தது. மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்துக்கொண்டு, படத்தையும் நேரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்துக்குச் சுபாஸ்கரன் கல்லில் இருக்கிறார். ஒரு கை நெஞ்சில், முகத்தில் படத்துக்கென்று ஒரு சிரிப்பு. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு எல்லோரும் கோபுரப் படியில், நடுவில் தில்லையம்பலம். அதற்குப் பிறகு ஒரு படத்திலும் தில்லையம்பலத்தைக் காணவில்லை. படம் எடுக்கிற ஆள் எப்படிப் படத்தில் வரும் என்று யசோதினி பல்லைக் கடித்தாள். அங்கத்தைய பொலிஸ் அறிக்கையின் மொழிபெயர்ப்பும் வந்திருந்தது. சகோதரர் திரும்பி வந்த நேரம் ஒன்று ஐம்பது என்று அவரே சொல்லிக் கையெழுத்து வைத்திருந்தார்.

ஒரு மணித்தியாலமும் நாற்பத்தைந்து நிமிடமும். தண்ணீர்ப் போத்தலையாவது பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாரோ இல்லையோ. அந்த நேரம் முழுக்கத் தன் மனுசன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று அவள் யோசித்தாள். வந்த வழியையா, அவர்கள் போன வழியையா?

அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். வீட்டுக்குக் கூப்பிட்டுத் திட்டினால் மனுசன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போய்விடுவார். வெளியில் அவர் சேர்வேயர்தான். சனத்துக்கு முன்னால், அவருடைய வாயாலேயே வர வேண்டும். அவரிடம் போனாள். "அத்தான், எனக்கு மைக்கில நிண்டு கதைக்க ஏலாது. நான் எழுதித் தாறன், நீங்கள் வாசியுங்கோ. கொள்ளிக்குடமும் நீங்களே தூக்குங்கோ. இவருக்கு உங்களை விட்டா ஆர்?" கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொள்ளி வைக்க நானிருக்கிறேன் என்று சண்டைபிடித்த கம்சிகாவைக்கூட அவள் அடக்கிவிட்டாள். பெரியப்பா என்றால் கம்சிகாவுக்கு உயிர். சின்ன வகுப்பில் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தவர் அவர். அதனால் பிள்ளையும் விட்டுக்கொடுத்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. முந்நூறு பேருக்குக் குறையாது. பெட்டி நடுவில், திறந்தபடி. பிரேதத்தை விமானத்தில் ஏற்ற என்னென்னவோ பூசியிருந்ததில் சுபாஸ்கரனின் முகம் ஒரு நிறம் கூடக் கறுத்திருந்தது. யசோதினி வாய்க்கரிசி போட்டாள். போடும்போது குனிந்து, வேறு ஒருவருக்கும் கேட்காமல், "பொறுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

குருக்கள் சுண்ணம் இடிப்பித்து, மந்திரம் முடித்து, குடத்தைத் தில்லையம்பலத்தின் தோளில் வைத்தார். வேட்டியும் வெற்று மேலில் ஒரு சால்வையுமாக மனுசன் நின்றார். நின்றபடியே நின்றார்.

"இடமாச் சுத்தி வாங்கோ ஐயா," என்றார் குருக்கள்.

தில்லையம்பலம் அசையவில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பி அவருடைய முதுகில் வழிந்தது. முகம் வெளுத்து, வாய் கோணி, பார்க்கச் சகிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்டுகள் "ஐயோ, தம்பியெல்லோ" என்று விம்மினார்கள்.

"இடமா, ஐயா. இது கோயில் இல்லை. இடமாச் சுத்துங்கோ."

நடந்தார். மூன்று சுற்றுக்கும் ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நல்லாத்தான் நடிக்கிறாய், நடி என்று யசோதினி நினைத்தாள். கைப்பையைத் திறந்து உறையை வெளியே எடுத்தாள்.

மைக்கடியில் போய் அவளே அதைக் கொடுத்தாள். தில்லையம்பலம் சால்வையால் முகத்தைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமினார். எழுதிக் கொடுத்ததை முன்கூட்டி வாசித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இல்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் மேடையில் வைத்துத்தான் முதலில் பார்ப்பார். அது அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

"சுபாஸ்கரன் கடைசியாக நடந்த வழி," என்று வாசித்தார். கூட்டங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே கணீர்க் குரல். "இலகு நடை, மூன்று கிலோமீற்றர்."

சனம் நெகிழ்ந்துபோய் இருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"பதினொன்று ஐந்து. வாசல். அம்புக்குறி இடமாகச் சுற்றும் வழியைக் காட்டியது. அந்தப் பக்கம் நிழலும் ஆசனங்களும் இருந்தன. அவருடைய அண்ணை எல்லோரையும் வலமாகக் கூட்டிப் போனார். அந்தப் பக்கம் வெயிலும் ஏற்றமும் இருந்தன."

குரல் ஒரு படி இறங்கியது. அவருடைய கண் தாளில் கீழே ஓடுவதை யசோதினி பார்த்தாள். ஓடட்டும். கடைசி வரிவரைக்கும் ஓடட்டும். பிறகு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. வாசி என்று நாடியால் காட்டினாள்.

நிறுத்தியிருக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் நாலு பேர் ஓடிவந்து தாங்கியிருப்பார்கள். ஆனால் அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"பன்னிரண்டு ஐந்து. சுபாஸ்கரன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தார். பன்னிரண்டு பத்து. நான் இவரோடு நிற்கிறேன் என்று ஒரு பெண் கேட்டாள். அவன் என்ன பச்சைப் பிள்ளையோ, நடவுங்கோ என்று அண்ணை சொன்னார். பன்னிரண்டு இருபத்தைந்து. கோபுரப் படியில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தார்கள். அண்ணை நடுவில் நின்றார்."

பின்வரிசையில் கிளறிற்றா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தாள்.

"ஒன்று ஐம்பது," என்று வாசித்துவிட்டுத் தில்லையம்பலம் நின்றார்.

இதோ, மறுக்கப் போகிறார், அழப் போகிறார் என்று யசோதினி கையை இறுக்கினாள். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க அவளிடம் படங்கள் இருந்தன.

"ஒண்டு ஐம்பது இல்லை," என்றார் அவர், மைக்கில், தெளிவாக. "பொலிசுக்கு நான் அப்பிடித்தான் சொன்னனான். ரெண்டு பத்து."

பிறகு மிச்சத்தையும் வாசித்தார். "அண்ணை திரும்பி வந்தார். சுபாஸ்கரன் போய்விட்டிருந்தார். யாருடைய மடியிலும் இல்லை."

தாளை உறையோடு மேசையில் வைத்துவிட்டு இறங்கிப்போய்த் தன் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த ஒன்றியப் பொருளாளர் எழும்பி வேறு வரிசைக்குப் போனார். கம்சிகா தாயைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் மறுபடியும் தாயைப் பார்த்தாள்.

யசோதினிக்கு நெஞ்சு இலேசாகியிருக்க வேண்டும். அப்படித்தான் மூன்று நாள் மேசையில் இருந்து எழுதும்போது நினைத்திருந்தாள். இலேசாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த இருபது நிமிடம் ஒரு முள்ளுப்போல இடையில் குத்தியது. ஏன் கூட்டிச் சொன்னார் இந்த மனுசன்? குறைத்துச் சொல்கிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும்.

எரியூட்டும் இடத்தில் அவர்களுக்கு அரை மணித்தியாலம்தான் ஒதுக்கியிருந்தார்கள். தில்லையம்பலம் பிரேத வண்டியில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வந்திருந்தார். பொத்தானை அமத்தும் நேரம் வந்ததும் கம்சிகா அவரைத் தாண்டிப் போய்த் தானே அமத்தினாள். அவர் தடுக்கவில்லை. திரை மூடியது. அடுத்த பெட்டியின் சனம் வாசலில் வந்து நின்றது.

வெளியே சிணுசிணுவென்று மழை. சனம் யசோதினியின் கையைப் பிடித்தது, கட்டிப்பிடித்தது, காதுக்குள் சொன்னது. "நல்ல வேலை செய்தாய் பிள்ளை." "இவ்வளவு நாளும் மனுசன் எங்களுக்கு வழி காட்டினதாம்." ஒன்றியச் செயலாளர் வந்து, "ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போடுறம் அக்கா. இனி உவர் ஒரு நிகழ்விலயும் முன்னுக்கு நிக்கமாட்டார்," என்றார். யசோதினி தலையாட்டினாள். ஒவ்வொருவராகக் காரில் ஏறிப் போனார்கள். பிரேத வண்டியும் போய்விட்டது. கம்சிகா காரை எடுக்கப் போனாள்.

மலர்வளையங்கள் அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் தில்லையம்பலம் வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் கடந்து போகையில்தான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, நான் கமெராவோட திரியேல்லை."

அவள் நின்றாள்.

"பன்னிரண்டே முக்காலுக்கே எனக்கு மனம் கேக்கேல்லை. அவனிட்டைப் போக வெளிக்கிட்டிட்டன். வந்த வழியால திரும்பினால் பத்து நிமிசம்." மனுசன் கையை நீட்டி, மழைக்குள் அந்த வழி கிடப்பது போலக் காட்டினார். "திரும்பினால் அது இடம், பிள்ளை. அவன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருக்கிறான். நான் கோயிலை இடமாச் சுத்திக்கொண்டு அவனிட்டைப் போனால், உயிரோட இருக்கிறவனுக்கு நானே செத்தவீட்டுச் சுத்துச் சுத்தின மாதிரி. எனக்குக் கால் வரேல்லை. மிச்ச வட்டத்தையும் வலமா முடிச்சு, வாசலடிக்கு வந்து, திரும்பவும் வலமா ஏறி அவனிட்டைப் போவம், கெதியா நடந்தா முக்கால் மணித்தியாலம்தானே எண்டு நினைச்சன்."

யசோதினி கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"காட்டுக்குள்ள வழி தப்பிட்டுது. பலகையெல்லாம் மற்றப் பக்கத்தால வாறவைக்கு எழுதினது. எனக்கு அதின்ரை முதுகுதான் தெரிஞ்சது. எல்லாம் ஒரே மரம், ஒரே கல்லுக் கும்பி. சுபா, சுபா எண்டு கத்திக்கொண்டு ஓடினன். ரெண்டு தரம் விழுந்தன்." வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். முழங்காலில் காயம் இன்னும் கறுத்துக் கிடந்தது. "போய்ச் சேரேக்க உடம்பில சூடு இருந்தது. மடியிலதான் தூக்கி வச்சனான். அது பொய்யில்லை. பிந்திட்டன், அவ்வளவுதான்."

"இதை ஏன் அங்க மைக்கில சொல்லேல்லை?" அவளுக்குத் தன் குரல் இப்படிக் கீச்சிடும் என்று தெரியாது.

"பத்து நிமிச வழியை விட்டிட்டு ஒண்டரை மணித்தியாலம் சுத்தினவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சேர்வேயர் தில்லையம்பலம்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தம்பியை விட்டிட்டுப் படம் எடுத்த பாவி எண்டு சனம் திட்டினால் தாங்குவன். அதை நினைச்சுச் சிரிச்சால் தாங்கமாட்டன். உனக்கு மட்டும் தெரியோணும் எண்டு நினைச்சன். ஆருக்கும் சொல்லுறதும் விடுறதும் உன்ரை பாடு."

சொல்லிவிட்டுப் படி இறங்கி, மழைக்குள் நடந்து போனார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் தவம் கிடந்து, படம் படமாகப் பார்த்து, ஒரு ஆளைச் சரியாகக் குறிவைத்து அடித்திருக்கிறாள். அடி வாங்கியவன் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? இப்போது வந்து, ஓடினேன் விழுந்தேன் என்று காயத்தைத் தூக்கிக் காட்டுகிறார். சுற்றினாராம், வலமாகச் சுற்றினாராம். அந்த விசர் வேலையாலும் போனது அவளுடைய மனுசன்தான். தனியாகத்தான் போனார். அது மாறவில்லையே! மாறவில்லை, மாறவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

கம்சிகா வாசலால் காரை எடுத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பெருந்தெருவில் ஏறி நூறு மீற்றர் போகவில்லை, சிவப்பு விளக்கு விழுந்தது. எதிரே பஸ் தரிப்பில் தில்லையம்பலம் நின்றார். நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. ஒரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவர் ஏறவில்லை, அந்தப் பஸ் எங்கே போகிறது என்று நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு மற்றப் பக்கத்துத் தரிப்பைப் பார்த்தார். பஸ் கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

"தாழ்வாரத்தில நிண்டு அவர் உங்களோட கதைச்சதைக் கண்டனான்," என்றாள் கம்சிகா. "எனக்கு அவரைப் பார்க்கவே ஏலாமல் கிடக்கு அம்மா. ஆனால் ஏதாவது சொன்னவரெண்டால் சொல்லுங்கோ. ஒரு சொல்லெண்டாலும் சொன்னவரெண்டால், நான் இதில ஓரமா நிப்பாட்டி ஏத்துறன். வீட்டில கொண்டுபோய் விடுவம்."

யசோதினி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். துடைப்பான் ஒரு தரம் போய் வந்தது. இன்னொரு தரம் போய் வந்தது.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றாள்.

கம்சிகா இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"பச்சை விழுந்திட்டுது, பிள்ளை. எடு."